தூது போன தம்பி கட்சி மாறிய விவரம்

மரியாதைக்கும் பயத்துக்கும் சரிபாதி உரிய பெரியக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், என் வீட்டுக்காரி, மகள், மருமகன், கடையில் இருக்கும் மீன்கள் எல்லோரும் சௌக்கியம். ஒரே ஒரு நான்கடித் தொட்டி மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். அங்கே நீங்களும் அத்தானும் கல்யாண மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். இரண்டாவது நடக்காது என்று தெரியும், முறைக்காக எழுதினேன்.

தலைமை ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் சிவப்புப் பேனாவுக்கு நீங்கள் ஓய்வு கொடுக்கவில்லை. நான் எழுதும் கடிதங்களையெல்லாம் திருத்தித் திருப்பி அனுப்புவது உங்கள் வழக்கம். என் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு எழுதிய கடிதமே அப்படித்தான் திரும்பி வந்தது. ஓரத்தில் "சம்மதம். இந்த இடத்தில் ஒற்று மிகாது" என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இரண்டு பக்கமும் ஓரம் தாராளமாக விட்டிருக்கிறேன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

விஷயம் இதுதான். நீங்கள் என்னைத் தூது அனுப்பினீர்கள். நான் போனேன். போன இடத்தில் கட்சி மாறிவிட்டேன். அது எப்படி நடந்தது என்று சொல்லாவிட்டால் நீங்கள் என் வீட்டுக்காரியைத்தான் சந்தேகப்படுவீர்கள், அவளுக்கு ஏற்கெனவே உங்களிடம் நல்ல பேர் கிடையாது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் போன் செய்த நேரத்தில் நான் கடையில் அந்த நான்கடித் தொட்டிக்குப் பக்கக் கண்ணாடியை நிறுத்திப் பசை போட்டுக்கொண்டிருந்தேன். மீன்தொட்டி செய்கிறவனுக்கு அதைவிட ஆபத்தான நேரம் கிடையாது. ஒரு கையில் பசைத் துப்பாக்கி, இன்னொரு கையில் கண்ணாடி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கழுத்துச் சுளுக்கிய கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"டேய், உன் பொண்ணு எடுக்கப் போறாளாமே, உனக்குத் தெரியுமா?" என்றீர்கள்.

"எதைக்கா?"

"வெச்சதைத்தான்."

"எதை வெச்சா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து உங்களைத் தெரியும், நீங்கள் பேச்சை நிறுத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "அடப்பாவி, வெச்சதே உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரலில் விளக்கினீர்கள். அதாவது என் மகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே, தன் சம்பளத்தில் சேர்த்த காசில், தானாகப் போய், டாக்டரிடம் சொல்லி, நெஞ்சுப் பக்கம், அந்த இரண்டு சமாச்சாரத்துக்குள்ளும் சிலிக்கான் பை வைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அதைத் திறந்து எடுக்கப் போகிறாள். நான் என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தேன். அதில் சொருகியிருந்த குழாயின் மேலும் கொட்டை எழுத்தில் சிலிக்கான் என்றுதான் போட்டிருந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கண்ணாடி சாய்ந்தது, அதைப் பிடிக்கப் போய் என் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது, துப்பாக்கி தன் பாட்டுக்குப் பசையைக் கக்கிக்கொண்டே இருந்தது, நீங்கள் "கேக்குறியா, கேக்குறியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அந்தத் தொட்டி இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் மூலையில் கசிந்து அழுகிறது.

இதில் எனக்கு வந்த முதல் வருத்தம் என்ன தெரியுமா? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். பெற்ற தகப்பன் மட்டும், பிள்ளை அந்த வருஷம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

உள்ளே போய் வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லலை."

இந்த மாதிரி பதில் சொல்கிறவளோடு முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்துகிறேன் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எனக்குக் கொடுத்த உத்தரவு தெளிவாகவே இருந்தது. அடுத்த மாதம் உங்கள் சின்ன மகன் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி மயில் நீலத்தில் உடுப்புப் போட்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் திட்டம் போட்டு, ஆளாளுக்கு அளவு வாங்கி, தைத்து, பெட்டியில் வைத்து அனுப்பியும் விட்டீர்கள். இந்த நேரத்தில் இவள் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் உடுப்புத் தொளதொளவென்று தொங்கும், நாலு பேர் பார்ப்பார்கள், நாலு பேர் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். "முடிஞ்சா எடுக்கவே வேண்டாம்னு சொல்லு. இல்லேன்னா கல்யாணம் முடியற வரைக்குமாவது தள்ளிப் போடச் சொல்லு. நீ அப்பன், நீ சொன்னா கேப்பா" என்றீர்கள். கடைசி வாக்கியத்தை நீங்கள் சிரிக்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

தூது போகிறவனுக்குப் பேச்சுத் தயாராக இருக்க வேண்டுமே. கடையில் மீன்களுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "அம்மா, உன் உடம்பு உன்னோடதுதான், ஆனாலும்" என்று தொடங்குவதாகத் திட்டம். "ஆனாலும்" வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சமாச்சாரத்துக்குப் பெயர் சொல்ல வேண்டிய இடம். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் அப்படியே செய்தேன்.

மகள் வீட்டுக்குப் போனபோது மருமகன் கதவைத் திறந்தார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், பேச்சுக் குறைவு என்று உங்களுக்குத் தெரியும். ஒருவேளை இவர்தான் எடுக்கச் சொல்கிறாரோ, இல்லை எடுக்க வேண்டாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வாசலிலேயே நிறுத்தி, "மாப்பிள்ளை, இதுல உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுல மாமா?"

"அதான். மேல் மாடி விஷயத்துல."

லிப்ட் காரரிடம் மேல் மாடி என்று சொல்லியிருக்கக் கூடாது. "எந்தக் கட்டடம் மாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் கையால் ஏதோ காட்டினேன், அவர் முகம் சிவந்து போனது, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார். "மாமா, வைக்கறப்போ நான் இல்லை. எடுக்கறப்போ பக்கத்துல இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அவ்வளவுதான் என் அபிப்பிராயம். ரத்தம் பார்த்தா எனக்கு மயக்கம் வரும், அதுதான் கொஞ்சம் கவலை." இவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது அக்கா. அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை, ஆனால் அது லிப்டுக்காக இருந்த மரியாதை.

மகள் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிற குளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, தலை ஈரமாக இருந்தது. நான் வந்த காரணம் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"அத்தை அனுப்பினாங்களா?"

"இல்லையே, சும்மா பார்க்கலாம்னு..."

"அப்பா, உங்களுக்குப் பொய் சொன்னா காது ஆடும்."

காதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினேன். உன் உடம்பு உன்னோடதுதான், ஆனாலும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

"அப்பா, அப்போ எனக்கு வேணும்னு தோணுச்சு. யாரும் சொல்லி வைக்கலை, நானா வெச்சேன். கொஞ்ச வருஷம் கண்ணாடி முன்னால நின்னு சந்தோஷமாவும் இருந்தேன், அதுக்காக இப்போ நான் அழப்போறதில்லை. இப்போ எனக்கு வேண்டாம். இடது பக்கம் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. கையைத் தூக்கி நீச்சல் அடிக்க முடியலை. பிள்ளைங்களுக்குத் தண்ணியில எப்படிக் குப்புற மிதக்கறதுன்னு நான் சொல்லித் தரேன், எனக்குக் கட்டில்ல குப்புறப் படுக்க முடியலை. பள்ளிக்கூட லீவு விட்டா குளம் நிறையப் பிள்ளைங்க வந்துடும், அதுக்குள்ள ஆறியாகணும். இந்தத் தேதியை விட்டா டாக்டருக்கு அடுத்த தேதி எப்பன்னு தெரியாது, இன்னும் ஒரு வருஷம் இதைச் சுமக்கணும். வலி இல்லாம இருந்தாலும் எடுத்திருப்பேன், அதையும் சொல்லிடறேன். போதும்னு தோணுது. வைக்கறப்போ அத்தை வைக்காதேன்னாங்க. எடுக்கறப்போ எடுக்காதேங்கறாங்க. நடுவுல இத்தனை வருஷத்துல நல்லா இருக்கியான்னு ஒரு தடவை கேட்டாங்களா? யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்பா. நீங்க வேணும்னா கூட வாங்க. இல்லேன்னா மீனுக்குத் தீனி போடுங்க."

ஒத்திகை பார்த்த பேச்சை அங்கேயே விட்டேன். "கூட வரேன்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்போதும் நான் உங்கள் கட்சிதான், சத்தியமாக. டாக்டரிடம் பேசித் தேதியைத் தள்ளிப் போடலாம் என்று ஒரு கணக்கு மனசுக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வரும்வரை அவருடைய அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். மேஜை மேல் உருண்டையாக, கண்ணாடி மாதிரி, அமுக்கினால் அமுங்கி விட்டால் எழும்பும் ஒரு பொருள் இருந்தது. டாக்டர்களுக்கு விரல் பயிற்சி வேண்டுமல்லவா, அதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கும் பசைத் துப்பாக்கி பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போகிறது. ஆகவே கையில் எடுத்து அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. இது எங்கே கிடைக்கும் என்று நர்ஸிடம் கேட்டேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருமகன் கூரையைப் பார்த்தார். டாக்டர் உள்ளே வந்து, ரொம்பச் சின்ன வயசுப் பெண், என்னைப் பார்த்து, என் கையைப் பார்த்து, "ஐயா, அதுதான் இது" என்றாள்.

அதை எப்படிக் கீழே வைப்பது என்று தெரியவில்லை அக்கா. டப்பென்று வைத்தால் அவமரியாதை. மெதுவாக வைத்தால் அதைவிட மோசம். கடைசியில் இரண்டு கையாலும் ஏந்தி, பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தேன்.

வெட்கத்தை மறைக்க வேண்டுமே என்று நான் தொழிலைக் காட்டினேன். "டாக்டரம்மா, சிலிக்கானை எடுக்கறதுன்னா பிளேடு போட்டுச் சுரண்டக் கூடாது. மெல்லிசா ஒரு நைலான் நூலை உள்ளே விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா அழகா வந்துடும். நான் எத்தனை தொட்டி பிரிச்சிருக்கேன்" என்றேன். எங்கள் பசையில் வருகிற மாதிரி வினிகர் வாசனை வருமா, அது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்க பசை ஒட்டறதுக்குன்னே செஞ்சது. இது எதோடயும் ஒட்டாது. இது சும்மா பை. தொந்தரவு பண்றது பை இல்லை, உடம்புதான்" என்றாள். என் தொழில் அறிவு அந்த அறையில் அத்தோடு முடிந்தது.

உடம்பு என்ன செய்கிறது தெரியுமா? வெளியாள் ஒருத்தன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவனைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்கிறது. பலருக்கு அந்தச் சுவர் மெல்லிசாக, சாதுவாக இருந்துவிடும். சிலருக்கு அது வருஷம் ஆக ஆகத் தடித்து, பிடியை இறுக்கி, பையை நெருக்கிக் கல்லாக்கிவிடும். டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினாள். பை, சுவர் இரண்டையும் எடுக்க வேண்டும், எடுத்தால் தழும்பு இருக்கும், அளவு குறையும், தோல் கொஞ்சம் தளரும், பழைய மாதிரியே ஆகிவிடும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். "வேணும்னா பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம், பல பேர் அப்படிச் செய்யறாங்க" என்றாள். அக்கா, அந்த இடத்தில் நான் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசினேன், இதை நீங்கள் மறக்கக் கூடாது. "புதுசு வெச்சா உடுப்பு சரியா இருக்குமில்ல?" என்று கேட்டேன்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் மட்டும் டாக்டரைப் பார்த்து, "வேண்டாம். எடுத்துடுங்க" என்றாள். கடையில் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

நியாயமாக அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று ஒரு ஆசை வந்தது. சிக்கல் உடுப்பில்தானே இருக்கிறது? உடுப்பைச் சின்னதாக்கிவிட்டால் அவள் பாட்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும், அக்காவும் படம் எடுத்துக்கொள்ளட்டும், தம்பிக்கு இரண்டு பக்கமும் பாராட்டு. நீங்கள் அனுப்பிய பெட்டியிலிருந்து மகளுடைய மயில் நீல உடுப்பை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன்.

"எங்க குறைக்கணும்ணே?"

"மேல."

"தோள்லயா?"

"அதுக்குக் கீழ."

"இடுப்பா?"

"அதுக்கு மேல."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணே, தோளுக்குக் கீழ இடுப்புக்கு மேல இருக்கறது ஒண்ணுதானே?"

"அதேதான்."

"எவ்வளவு குறைக்கணும்?"

இதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் என் நெஞ்சைத் தட்டி, "கிட்டத்தட்ட இந்த மாதிரி இருக்கும்னு வெச்சுக்குங்க" என்றேன். அவர் உடனே டேப்பை எடுத்து என்னைச் சுற்றி அளந்தார். நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், இதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோளை அளந்தார், கையை அளந்தார், வயிற்றையும் அளந்தார். எழுதிக்கொண்டே, "யாருக்குண்ணே?" என்றார். "சொந்தத்துல ஒருத்தருக்கு. வெளியில சொல்லாதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னண்ணே இருக்கு, அவங்கவங்க இஷ்டம். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

தைத்து வந்த உடுப்பைப் பிரித்துப் பார்த்தபோதும் எனக்கு விளங்கவில்லை. உள்மடிப்பைப் பிரித்துவிட்டு, இடுப்புப் பக்கம் ஏதோ தாராளமாகத் தெரிந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மகளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னால் விஷயம் வெளியாகிவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் இங்கே வந்து தங்கியிருக்கிறாள், பக்கத்து அறையில்தான் இருந்தாள். வேறு வழி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். அக்கா, என் ஆயுசில் கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை. தோள் அப்படியே உட்கார்ந்தது. வயிறு அப்படியே அடங்கியது. அப்போதுதான் தையல்காரர் ஏன் என் கையைப் பிடித்தார் என்று உறைத்தது. உறைத்து, கழற்றலாம் என்று முதுகுப் பக்கம் கொக்கியைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. வீட்டுக்காரி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் மகள் நின்றாள்.

வீட்டுக்காரி என்னை மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, "நீலம் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள்.

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, சின்ன வயசில் தொட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. சுவரில் சாய்ந்தாள், உட்கார்ந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன், உடுப்போடு இரண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். திடீரென்று இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். "போதும்பா. சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா வலிக்குது" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. கட்சி மாறிய இடம் அதுதான். டாக்டர் படம் போட்டுக் காட்டியும் புரியாதது, மயில் நீல உடுப்பில் நின்றுகொண்டிருந்த அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. சிரித்தால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகு கல்யாணம் முடியட்டும், படம் எடுக்கட்டும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பேசுகிறவன் அப்பன் இல்லை, கல்யாண மண்டபத்து மேனேஜர். இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அவள் என்னைக் கட்டிப்பிடிப்பதில்லை. வந்தால் தோளால் என் தோளை ஒரு இடி இடித்துவிட்டுப் போவாள். பெரிய பெண்ணாகிவிட்டாள், வெட்கம் என்று நினைத்தேன். வெட்கம் இல்லை, வலி.

ஆகவே உங்கள் தூதனாக இருந்தவன் இப்போது அந்தப் பக்கத்து ஆளாகக் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்துக்கொள்கிறான். ஆபரேஷன் வியாழக்கிழமை, அதே தேதியில் நடக்கும். தள்ளிப் போடுவதாக இல்லை. கடையைப் பூட்டிவிட்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன், மருமகன் மயக்கம் போட்டால் தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டுமல்லவா? கல்யாணத்துக்கு அவள் வருவாள், உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படி வருவாள், எது வசதியோ அதைப் போட்டுக்கொண்டு வருவாள். வரிசையில் நிறம் மாறி நின்றால் நிற்கட்டும். யாராவது கேட்டால், யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னதை நானும் சொல்வேன். போனில் இருக்கிற நம் குடும்பக் குழுவில் பெரிய மாமா "பெண்ணுக்கு என்ன குறை" என்று கேட்டு எழுதியிருந்தார். குறை தேடுவது உங்கள் தொழில் போலிருக்கிறது, எங்களிடம் தேட வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். போட்டதும் பயந்து போனை அணைத்து வைத்துவிட்டேன், ஆனாலும் அழிக்கவில்லை.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் இதுவரை சமாச்சாரம் என்றும் மேல் மாடி என்றும் சுற்றி வளைத்தே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மார்பகம். எழுதிவிட்டேன் அக்கா. என் மகள் தன் மார்பகத்தில் வைத்த பையை எடுக்கப் போகிறாள். பேனா உடையவில்லை, கூரை விழவில்லை, வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு "எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் மாதிரி இல்லாவிட்டால் உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே வராதீர்கள். வந்து அவளிடம் பேசாதீர்கள். ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளை நிம்மதியாகப் போக வேண்டும். உங்கள் பேச்சை என்னாலேயே தாங்க முடியாது, நான் வயசான ஆள், பழகியவன். வராதீர்கள் என்று உங்களுக்கு எழுதுவேன் என்று கனவிலும் நான் நினைத்ததில்லை. இரண்டாம் தடவையும் எழுதுகிறேன், தைரியம் வந்தபோதே எழுதிவிட வேண்டும். வராதீர்கள்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். கல்யாண மாப்பிள்ளைக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் மாமாவின் ஆசிகள். அவர்கள் நீண்ட நாள் வாழட்டும், வாழும்போது மனம்விட்டுச் சிரிக்கட்டும், சிரிக்கும்போது எங்கேயும் வலிக்காமல் இருக்கட்டும். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன், தூரத்தில் இருந்தபடி.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை முதல்முறையாகத் தட்டிய,
தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் தடவி ஒட்டப்போன நேரத்தில் வாசலில் பெட்டியோடு நீங்களே வந்து நின்றதால் உறை ஒட்டப்படவில்லை. நாக்கு கொஞ்ச நேரம் வெளியிலேயே இருந்தது. "நகருடா" என்று சொல்லிவிட்டு நேராக மகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நானும் வீட்டுக்காரியும் வெளியே நின்றோம். உள்ளே முதலில் உங்கள் குரல் கேட்டது. அப்புறம் அவள் குரல் கேட்டது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வெளியே வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. அப்பனாகப்பட்டவன் இத்தனை நாள் பசை, சுவர், நூல் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த விஷயத்தை நீங்கள் கையை வைத்து ஒரே நிமிஷத்தில் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். "டேய், கல்லு மாதிரி இருக்குடா. பிள்ளை இதை வெச்சுக்கிட்டு எப்படிடா தூங்கினா? வியாழக்கிழமை வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கீங்க, நாளைக்கே செய்ய மாட்டாளாமா அந்த டாக்டர்?" என்று என்னைத்தான் திட்டினீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள்தான் உட்காரப் போகிறீர்களாம். டாக்டருக்கு நான் யோசனை சொல்லிவிடுவேன் என்பதால் மருமகனைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் எனக்காம். மயில் நீலத் திட்டம் ரத்து, அவரவருக்கு வசதியானதைப் போட்டுக்கொள்ளலாம் என்று குடும்பக் குழுவில் நீங்களே எழுதிவிட்டீர்கள். பெரிய மாமா இதுவரை பதில் போடவில்லை.

அப்புறம் மேஜை மேலிருந்த இந்தக் கடிதத்தைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டீர்கள். நான் இந்தப் பின்குறிப்பை நீங்கள் திருத்தி முடித்த தாளின் அடியில்தான் எழுதுகிறேன். "வராதீர்கள்" என்று வந்த மூன்று இடத்தையும் அடித்திருக்கிறீர்கள். தையல்காரர் பத்திக்குப் பக்கத்தில் "மடையன்" என்று எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறீர்கள். "நல்லா இருக்கியான்னு ஒரு தடவை கேட்டாங்களா" என்று மகள் சொன்ன இடத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே ஒன்றும் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறீர்கள். "யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்" என்பதை அடிக்கவில்லை. அதன் அடியில், தாள் கிழிகிற மாதிரி, இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.